தெற்கு மறந்த குருவிகள்

துண்டுப் பிரசுரத்தை ராகினி இரண்டு முறை படித்தாள். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாவது முறை எழுத்துப் பிழைகளை எண்ணினாள். பதினொன்று.

"'உயிர்நீர் குவாண்டம் பதக்கம். கழுத்தில் அணிந்தால் சர்க்கரை இறங்கும், சொத்து வழக்கு முடியும், தொலைந்த திசை தெரியும்.' அண்ணே, கடைசி ஐட்டம் உங்களுக்கு உதவும்."

வேனை ஓட்டிக்கொண்டிருந்த பிச்சைமுத்து முகம் மாறாமல் சொன்னார். "முப்பது வருஷம் செம்பனை லாரி ஓட்டினவன்மா நான். திசையெல்லாம் நல்லா தெரியும். ரோடுதான் தெரியாது."

மலாக்காவின் லூபோக் சீனா சந்தியை அவர்கள் தவறவிட்டு இரண்டாவது முறையாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ராகினிக்கு வயது நாற்பத்தாறு. பதினெட்டு ஆண்டுகள் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, எரியாத கடைகளுக்கும் இறக்காத மாமனார்களுக்கும் இழப்பீடு கேட்டவர்களைப் பிடித்துக் கொடுத்தவள். இப்போது புக்கிட் காத்திலில், டயர் கடைக்கு மேல் மாடியில் அவளுக்கென்று ஒரு துப்பறியும் ஆபீஸ். பொய் அவளை வெகுநாளாக ஆச்சரியப்படுத்துவதில்லை. மட்டமான பொய்தான் எரிச்சலூட்டும். அறுபது வயது பிச்சைமுத்து அவளுடைய டிரைவர், உதவியாளர், கேட்காமலே கருத்துச் சொல்பவர்.

எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் செராய் தோட்டத்தில், தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக் கொட்டகைதான் இப்போது ஆராய்ச்சிக்கூடம். அதற்குப் பின்னால் நாற்பது அடி தள்ளி, இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல் கட்டிய மரக்குடிசை ஒன்று நின்றது. தோட்டத்து மக்கள் அதைக் 'குருவிப் பொண்டோக்' என்றார்கள்.

வாசலில் தேவமலர் நின்றிருந்தாள். முப்பத்து நான்கு வயது. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி, வெளிநாட்டு வேலையை உதறிவிட்டு, ஒரு காலத்தில் தன் அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்துக்கே திரும்பி வந்தவள். தூங்கிப் பல நாள் ஆனவள் போலிருந்தாள்.

"வாங்கக்கா. வாங்க அங்கிள். நேரா விஷயத்துக்கு வர்றேன். என் குருவிங்களுக்கு யாரோ தெற்க மறக்கடிச்சிட்டாங்க."

"முதல்ல குருவிக்குத் தெற்கு எப்படித் தெரியும்னு சொல்லு" என்றாள் ராகினி.

"ஒவ்வொரு அக்டோபரும் சைபீரியாலேர்ந்து சின்ன நீலக்குருவி இந்தப் பக்கமா தெற்க பறந்து போகும்க்கா. அது கண்ணுல ஒரு புரோட்டீன் இருக்கு. வெளிச்சம் பட்டா அதுக்குள்ள ரெண்டு எலக்ட்ரான் ஜோடி சேர்ந்து சுழலும். பூமியோட காந்தம் அந்தச் சுழற்சிய லேசா திருப்பும். குருவி திசைய கண்ணாலயே பார்க்குதுன்னு நாங்க நெனக்கிறோம். உயிருள்ள உடம்புக்குள்ள நடக்குற குவாண்டம் விளைவு. இன்னும் நிரூபிக்கல. அதுக்குத்தான் இந்தப் பொண்டோக்."

"கண்ணுக்குள்ளயே ஜிபிஎஸ்ஸா? எனக்குப் போன்ல வச்சும் வேலை செய்யலயே" என்றார் பிச்சைமுத்து.

தேவமலர் முதல் முறையாகச் சிரித்தாள். சோதனையை விளக்கினாள்: குருவியைப் புனல் வடிவக் கூண்டில் விடுவாள். உள்ளே சுற்றிலும் காகிதம். பறக்கத் துடிக்கும் குருவி எந்தப் பக்கம் தாவுகிறதோ அந்தப் பக்கம் நகக்கீறல் விழும். மாலை ஏழு மணிக்குத் தொடங்கிக் கால் மணிக்கு ஒரு காகிதம். சோதனை முடிந்ததும் குருவிக்கு விடுதலை.

"மெல்லிசான ரேடியோ இரைச்சல் இருந்தாக்கூட அந்த எலக்ட்ரான் ஆட்டம் குழம்பிரும். அதனால கூடத்துல மாலையில லைட்டுகூடப் போடக் கூடாதுன்னு சட்டம் வச்சிருக்கேன். ஆறு வாரம் குருவிங்க அழகா தெற்கயே கீறுச்சு. திடீர்னு பதினாறு நாளா நாலாபக்கமும் கீறுது."

"பதினாறு நாளுமா?"

"இல்ல. மூணு நாள் சரியா வந்துச்சு. தீபாவளி, தீபாவளிக்கு மறுநாள், அப்புறம்..." அவள் குரல் கசந்தது. "போன சனிக்கிழமை, தனபாலனோட பதக்கத்தப் பொண்டோக்ல தொங்கவிட்ட அன்னிக்கு."

"தீபாவளிக்கும் டெஸ்ட் பண்ணுனியா?" என்றார் பிச்சைமுத்து.

"குருவிக்கு ஏது அங்கிள் தீபாவளி?"

விவகாரம் அதுதான். இந்தக் கூடத்துக்குப் பல்கலைக்கழகமோ கம்பெனியோ பணம் தரவில்லை. மலாக்கா முழுக்க இருக்கும் டாக்ஸிக்காரர்கள், ஆசிரியைகள், பழக்குலை வெட்டுபவர்கள் மாதாமாதம் தருவதில் நடக்கிறது. அதனால் எதையும் மறைப்பதில்லை. அன்றன்றைய முடிவு, பழுது, தோல்வி எல்லாம் அன்றைக்கே 'திறந்த நோட்டு' என்ற இணையப் பக்கத்தில் ஏறிவிடும். குருவிகள் குழம்பியதையும் ஊரே படித்தது. அப்போதுதான் பதக்க வியாபாரி தனபாலன், தன் பதக்கம் குருவிகளுக்கு வழி காட்டும் என்று வந்தார். பதக்கம் தொங்கிய அன்று குருவிகள் தெற்கைக் கண்டுபிடிக்க, தோட்டத்து மண்டபத்தில் கூடியிருந்த முந்நூறு பேரும் கைதட்டினார்கள். வரும் சனிக்கிழமை நன்கொடையாளர்கள் ஓட்டுப் போடப் போகிறார்கள். பதக்கம் ஜெயித்தால் கூடம் 'உயிர்நீர் குவாண்டம் ஆய்வு மையம்' ஆகிவிடும். தேவமலரின் ஐந்து வருட உழைப்பு பதக்கத்துக்கு விளம்பரமாகிவிடும்.

"அந்தாளு எப்படி ஏமாத்துறான்னு மட்டும் கண்டுபிடிங்கக்கா."

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு தட்டு முறுக்கோடு காளிதாஸ் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நன்கொடையாளர் கமிட்டியின் தலைவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"சாப்பிடுங்கம்மா. மக வீட்டு முறுக்கு. தீபாவளிக்கு ஜொகூர் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வந்தேன்." அவர் தேவமலரின் தலையைத் தடவினார். "இந்தப் புள்ள தங்கம். ஆனா ஜனங்களுக்குப் பதக்கம் புடிச்சிருக்கே, நாம என்ன செய்றது?"

"ஜனங்களுக்கு டெங்கிக் காய்ச்சல்கூடத்தான் புடிக்குது" என்று பிச்சைமுத்து முறுக்கைக் கடித்தார்.

ராகினி அதற்குள் திறந்த நோட்டைக் கைப்பேசியில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மலர், குருவிங்க குழம்புனதுக்கு முந்தின நாள் என்ன எழுதியிருக்க, படி."

தேவமலர் படித்தாள். "'ரேடியோ இரைச்சல் அளக்கும் கருவி பழுது. சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கிறோம். திரும்பி வர ஒரு மாதமாகும்.'" அவள் நிமிர்ந்தாள்.

"வீட்டு நாய் செத்துப் போச்சுன்னு ஊருக்கே போஸ்டர் ஒட்டியிருக்க. மறுநாளே திருடன் வந்துட்டான்" என்றாள் ராகினி.

*

தனபாலனின் கடை பாயா ரும்புட்டில், பல் மருத்துவமனைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் இருந்தது. கண்ணாடிக் கதவில் 'டாக்டர் தனபாலன்' என்று பொன்னெழுத்து.

"எந்த யூனிவர்சிட்டி டாக்டர்?" என்று ராகினி கேட்டாள்.

"தபால்ல வந்துச்சு சிஸ்டர்" என்றார் தனபாலன், சிறிதும் வெட்கப்படாமல். குண்டு உடம்பு, கழுத்தில் மூன்று பதக்கங்கள். "உட்காருங்க. குவாண்டம் தண்ணி குடிக்கிறீங்களா?"

மேசையில் ரொட்டி சுடும் அடுப்பு அளவுக்கு ஒரு வெள்ளை மெஷின் நீல விளக்கோடு உறுமிக்கொண்டிருந்தது. அவர் நிரப்பிக் கொடுத்த தண்ணீரைப் பிச்சைமுத்து ஒரு மிடறு குடித்துப் பார்த்தார்.

"எப்படி அங்கிள் இருக்கு?"

"தண்ணி மாதிரியே இருக்கு. பெரிய சாதனைதான்."

சொல்லிக்கொண்டே பிச்சைமுத்து குனிந்ததில் அவருடைய சட்டைப்பையிலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு அலறல் கிளம்பியது. தனபாலன் துள்ளி எழுந்தார். பையில் இருந்தது, சத்தம் குறைத்து ஓடவிட்ட பழைய குட்டி டிரான்சிஸ்டர். மத்திய அலையில் சுமத்திரா ஸ்டேஷன் பாட்டுக் கேட்பது அவருடைய ஒரே கெட்ட பழக்கம். மெஷின் பக்கத்தில் கொண்டுபோனால் பாட்டு செத்து அலறல் வந்தது. விலக்கினால் பாட்டு உயிர் பெற்றது.

"மெஷினோட சக்தி!" என்று தனபாலன் மார்தட்டினார். "பார்த்தீங்களா, ரேடியோவே நடுங்குது!"

"சக்தி இல்ல, மட்டமான அடாப்டர். இரைச்சல கொட்டுது" என்றாள் ராகினி. பிச்சைமுத்துவைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். மெல்லிய இரைச்சல் இருந்தாலே குருவிக்குக் குழம்பிவிடும் என்று தேவமலர் சொன்னது இருவருக்கும் காதில் ஒலித்தது.

அந்தப் பார்வையில் வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் பிச்சைமுத்து நினைத்தார். ராகினி நினைக்கவில்லை. அவள் சுவரில் ஒட்டியிருந்த புதிய போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதக்கம் அணிந்த குருவி ஒன்று பனிமலையை நோக்கிப் பறந்தது. கீழே, 'உயிர்நீர் பதக்கம் வழிகாட்ட, வடக்கே பறக்கும் சைபீரியக் குருவி!'

"ஏன் வடக்கு?"

"காந்தம்னா வடக்குதானே சிஸ்டர் காட்டும்? சயன்ஸ்!"

"போன சனிக்கிழமை குருவிங்க எந்தப் பக்கம் கீறுச்சு?"

தனபாலன் யோசித்தார். "சரியான பக்கம்."

"அது எந்தப் பக்கம்?"

"கமிட்டி சொல்லுச்சு சரியான பக்கம்னு. கைதட்டுனாங்க. நானும் கைதட்டுனேன்."

"மலரோட திறந்த நோட்டப் படிச்சிருக்கீங்களா?"

"அது முழுக்க நம்பர்லா சிஸ்டர். நமக்கு நேரம் ஏது?"

ராகினி எழுந்தாள். கதவருகே போனவள் திரும்பி, சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "இந்த மெஷின் லூபோக் சீனா பக்கம் யாராச்சும் வாங்கியிருக்காங்களா?"

"யாரும் வாங்கல. ஒரு டெமோ பீஸ் மட்டும் குருவிக் கமிட்டிக்குப் போச்சு. யாரோ வந்து கேட்டாங்களாம், கடைப் பொண்ணு கொடுத்தா. அவ இப்ப லீவுல இருக்கா."

வேனில் ஏறியதும் பிச்சைமுத்து பொரிந்தார். "பெரிய திருடன்மா! மெஷின வச்சுக் குழப்பிட்டு, பதக்கத்த வச்சுத் தெளிய வைக்கிறான்."

"அண்ணே, குருவி எந்தப் பக்கம் போகணும்னே தெரியாதவன் அத வழி தவற வைக்க முடியுமா? அளவுக் கருவி பழுதுன்னு அவன் படிக்கவும் இல்ல. இவன் முட்டாள். நமக்கு வேண்டியது புத்திசாலி. நோட்டப் படிக்கிறவன், இரைச்சல்னா என்னன்னு புரிஞ்சவன்."

பிச்சைமுத்து வேனை மெதுவாக்கினார். அது அபூர்வம்.

"கமிட்டின்னா அந்தப் புள்ள மலரும் உள்ளதானம்மா இருக்கு?"

"இருக்கு" என்றாள் ராகினி. "அதான் திரும்பிப் போறோம்."

*

மாலை ஆறரைக்குச் செராய் தோட்டத்தில் வெயில் செம்பனை மட்டைகளுக்கு இடையில் சாய்ந்துகொண்டிருந்தது. பிச்சைமுத்து டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துப் பொண்டோக்கைச் சுற்றி நடந்தார். சுமத்திராக்காரி ஒருத்தி சோகமாகப் பாடிக்கொண்டே இருந்தாள். அலறல் இல்லை.

"சுத்தமா இருக்கு" என்றார் ஏமாற்றமாக.

"இப்ப சுத்தமா இருக்கும்" என்றாள் ராகினி. சருகுகளைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தவள் குனிந்தாள். இலைகளுக்கு அடியில், பொண்டோக்கைச் சுற்றி வட்டம் போட்டு, மெல்லிய பழுப்பு வயர் ஒன்று ஓடியது. அது பிள்ளைக் கொட்டகையின் பின் அறை ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று.

தேவமலர் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "இது இரைச்சலக் கொண்டு வர்ற ஏரியல்க்கா. அது கமிட்டி ரூம். பேனரும் நாற்காலியும்தான் கிடக்கும். நான் உள்ள போறதே இல்ல."

"சாவி?"

அவள் பதில் சொல்லும் முன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ராகினி சருகுகளை வயர்மேல் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். காளிதாஸ் வந்து இறங்கினார்.

"என்னம்மா, தனபாலன் சிக்கினானா?"

"கிட்டத்தட்ட சார்."

"நல்லது நல்லது. நான் தினமும் இந்நேரம் ஒரு எட்டு வந்து எட்டிப் பார்த்துட்டுப் போவேன். புள்ள தனியா இருக்கே." ஹெல்மெட்டைக் கழற்றியபடி கமிட்டி அறைப் பக்கம் நடந்தார். "இத வச்சிட்டு வர்றேன்."

பூட்டுத் திறந்தது. கதவு சாத்திக்கொண்டது. பொண்டோக்கில் குருவி ஒன்று படபடத்தது. சுமத்திராக்காரி காதலனைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள்.

திடீரென்று அவள் குரல் அறுந்தது. தனபாலனின் மெஷின் பக்கத்தில் அலறியது போலவே, பிச்சைமுத்துவின் கையில் டிரான்சிஸ்டர் 'கர்ர்ர்ர்' என்று அலறியது.

மூவரும் அசையவில்லை. காளிதாஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். அலறலைக் கேட்டார். பிச்சைமுத்துவின் கையைப் பார்த்தார். ராகினியின் காலடியில் எட்டிப் பார்த்த வயரைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு வீட்டு முறுக்கு நல்லா இருந்துச்சு சார்" என்றாள் ராகினி. "நீங்க ஜொகூர்ல முறுக்கு சாப்பிட்ட ரெண்டு நாளும் இங்க குருவிங்க சரியா தெற்க பார்த்துச்சு. பதக்கத்தன்னிக்கு நீங்க முன்வரிசையில உட்கார்ந்திருந்தீங்க. அன்னிக்கும் சரியா வந்துச்சு. நீங்க இல்லன்னா குருவிக்கு புத்தி வந்துருது."

தலைமையாசிரியர் அங்கிருந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சார்?" என்றாள் தேவமலர். அது கேள்வியா கெஞ்சலா என்று தெரியவில்லை. "நீங்களா?"

"உனக்காகத்தான்மா." குரல் உடையவில்லை, பாடம் நடத்துவதுபோல் வந்தது. "வீடு வீடா போய் நிக்கிறவன் நான். நூறு பேரா இருந்தவங்க நாப்பது பேரா ஆயிட்டாங்க. எலக்ட்ரான் சுழலுதுன்னு சொன்னா கொட்டாவி விடுறாங்க. அவங்களுக்கு அதெல்லாம் ஏறாதும்மா. தோட்டத்து ஜனம். அதிசயம் காட்டுனாத்தான் வரும். பதக்கத்தன்னிக்கு முந்நூறு பேர் வந்தாங்களா இல்லையா? கூட்டம் சேர்ந்ததும் தனபாலன வெட்டி விட்டுட்டு உன் ஆராய்ச்சிய நடத்தலாம்னு நெனச்சேன்."

"முட்டாளுக்கு மேடை போட்டுக் கொடுத்துட்டு அவன் இறங்கிருவான்னு நெனச்சீங்க" என்றாள் ராகினி. "முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவர். தனபாலனாச்சும் அவன் தண்ணிய நம்புறான் சார். நீங்க எதையும் நம்பல. கொடுத்தவங்களக்கூட."

காளிதாஸ் தலை குனிந்தார். பிச்சைமுத்துவுக்கு வாயில் ஒரு கிண்டல் வந்தது. தேவமலரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

அவள் அழவில்லை. விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய் ஒரு கட்டுக் காகிதங்களோடு வந்தாள்.

"சார், ரெண்டாம் நாள் எத்தன மணிக்கு சுவிட்ச் போட்டீங்க?"

"என்னம்மா?"

"எத்தன மணிக்கு? அஞ்சாம் நாள், ஒன்பதாம் நாள், பன்னெண்டாம் நாள்? அந்த நாலு நாளும் முதல் ரெண்டு காகிதம் தெற்கு, மீதி குழப்பம். எனக்குப் புரியவே இல்ல."

காளிதாஸ் விழித்தார். "அன்னிக்கெல்லாம் மழை. லேட்டாத்தான் வந்தேன்." சட்டைப்பைக்குள் கை போயிற்று. சிவப்பு அட்டை போட்ட சின்ன டைரி வந்தது. "எழுதி வச்சிருக்கேன். போட்ட நேரம், அணைச்ச நேரம். பழக்கம்."

"திருடிட்டு ரசீது எழுதி வச்சிருக்காரு" என்று பிச்சைமுத்து முணுமுணுத்தார். இதை அவரால் விழுங்க முடியவில்லை.

தேவமலர் டைரியையும் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஏழு இருபத்தெட்டு, ஏழு இருபத்தொன்பது. சுவிட்ச் விழுந்த நேரத்துக்கு அடுத்த காகிதத்திலேயே கீறல் சிதறியிருந்தது. நாலு நாளும்.

"அக்கா..." அவள் காகிதங்களை ராகினியிடம் நீட்டினாள். "இரைச்சல் எப்ப வருதுன்னு எனக்கே தெரியாம ஒரு சோதனை நடத்தணும். அப்பத்தான் நானே ஆசைப்பட்டுத் தப்பா எண்ணலன்னு ஆகும். நானே வைக்கிற சோதனைய என்கிட்டயே எப்படி மறைக்கிறதுன்னு வருஷக்கணக்கா திண்டாடுறேன். இவரு மறைச்சுக் கொடுத்துட்டாரு. பதினாறு நாளும் எனக்குத் தெரியாது. குருவிக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு."

"ஆக, இவர் கெடுக்கல?"

"கெடுத்தாரு. ஆனா இதவிட நல்ல டேட்டா இந்தக் கூடத்துல இதுவரைக்கும் வரல." அவள் காளிதாஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. "ஆனா நேரத்த யாரு எழுதுனது, ஏன் எழுதுனாங்கன்னு திறந்த நோட்டுல போடணும் சார். உங்க பேரு, உங்க கையெழுத்து. இல்லன்னா அது வெறும் காகிதம்."

காளிதாஸின் முகம் வெளுத்தது. "போலீஸ்ல வேணும்னா சொல்லும்மா. ஊருக்கு மட்டும் வேணாம்."

"போலீஸுக்கு இதுல என்ன புரியும்?" என்றாள் ராகினி. "சனிக்கிழமை நீங்களே வாசிங்க."

*

சனிக்கிழமை பிற்பகல் மண்டபம் நிறைந்திருந்தது. காளிதாஸ் மேடையில் நின்று டைரியை வாசித்தார். எந்த நாள், எத்தனை மணி, ஏன். 'தோட்டத்து ஜனத்துக்கு ஏறாது' என்று சொன்னதையும் ராகினி விடவில்லை. எழுதி வைத்திருந்தாள், அதையும் வாசிக்க வைத்தாள்.

முன்வரிசையில் தனபாலன் எழுந்து, "அப்ப என் மெஷினுக்கு சக்தி இருக்குன்னு சயன்ஸே ஒத்துக்கிச்சு!" என்று கத்தினார். பின்னால் யாரோ, "குருவிய பைத்தியமாக்குற சக்தி! உட்காருய்யா!" என்றதும் மண்டபமே சிரித்தது. அவர் பதக்கங்களைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சிரிப்பு அடங்கியதும் நடு வரிசையிலிருந்து கருப்பாயி எழுந்தாள். செராய் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவள். கூடம் தொடங்கிய முதல் மாதத்திலிருந்து தவறாமல் கொடுப்பவள். காலில் இன்னும் வேலைப் பூட்ஸ்.

"வாத்தியாரே, எனக்கு எலக்ட்ரான் புரியல. உண்மைதான். அந்தப் புள்ள அஞ்சு வருஷமா சொல்லுது, இன்னும் புரியல." அவள் குரல் உயரவில்லை. "ஆனா கைப்பிடி அளவு குருவி அம்மாந்தூரம் எப்படி வழி கண்டுபிடிச்சு வருதுன்னு தெரிஞ்சிக்கணும்னு ஆசப்பட்டுத்தான் காசு கொடுத்தோம். அதிசயம் வேணும்னா கோயிலுக்குப் போயிருப்போம்லா. அங்க சும்மாவே காட்டுறாங்க."

மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. கருப்பாயி உட்கார்ந்துகொண்டாள்.

டைரியில் இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது. காளிதாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே, பதினான்காம் நாளை வாசிக்கத் தொடங்கினார்.